கேட்டுத்தானே வெட்டுறோம்

ரோஜாவுக்குத் தன் நினைவின் மேல் இப்போதெல்லாம் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எது முதலில் நடந்தது, எது பிறகு என்று அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. கோயிலில் நடந்ததைப் பற்றி மற்றவர்கள் சொல்வதும் அவளுக்கு ஞாபகம் இருப்பதும் முக்கியமான இடத்தில் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் மொக்கம்மாள் டீக்காசை வாங்காத காலை மட்டும் அழியாமல் இருக்கிறது.

போடியில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் கிளம்புகிற இடத்தில் மொக்கம்மாளின் டீக்கடை. மேலே வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியும் மழைத்தாளுமாக நின்றிருந்தார்கள். டீசல் புகையோடு பால் பொங்குகிற வாசனையும், ராத்திரி முழுக்க ஜீப்புக்குள் கிடந்த ஈரச்சாக்கின் வாடையும் கலந்து வந்தது. ரோஜாவின் புருசன் ராமர் டீயைக் குடித்துவிட்டுக் காசைப் பலகை மேல் வைத்தான். மொக்கம்மாள் அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளினாள்.

"இருக்கட்டும் அப்பு. நீங்க குடிங்க."

"சில்லறை இல்லையாக்கும்?"

"குடிங்கன்னேன்ல. இன்னொரு கிளாசு போடவா?"

ஒரு ரூபாய் குறைந்தால் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிவந்து கையை நீட்டுகிறவள் அவள். ராமரை "ஏலே" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்காமல் தோளையும் விலாவையும் பார்த்தாள். கும்பிடப் போகிறவள் போலக் கையை நெஞ்சுவரை கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ஜீப் ஓட்டுகிற முத்துக்கிருஷ்ணன் முன் சீட்டில் இருந்தவர்களை இறக்கிப் பின்னால் அனுப்பிவிட்டு, "நீங்க முன்னால வாங்கண்ணே" என்று ராமரைக் கூப்பிட்டான்.

"என்ன, எலெக்சன்ல நிக்கப் போறீகளா?" என்று ரோஜா சிரித்தாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. ஜீப்புக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே இருட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கோயில் கும்பிட்டு வந்து மூன்று நாள்கூட ஆகியிருக்காது.

கருப்பனுக்குக் கிடா நேர்ந்தது ரோஜாதான். மகள் சந்திரவல்லி காய்ச்சல் விடாமல், தொண்டையில் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்த நாளில், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்து நேர்ந்தாள். பிள்ளை எழுந்துவிட்டாள். ஒரு கருங்குட்டியை வாங்கிக் காதில் மஞ்சள் துணி கட்டி விட்டார்கள். நேர்ந்துவிட்ட கிடாயை ஊரில் யாரும் அடிக்க மாட்டார்கள். கடைவாசலில் கீரைக்கட்டை இழுத்தாலும் சாமிக்கு உள்ளது என்று விட்டுவிடுவார்கள். அதுவும் அப்படித்தான் தெருவெல்லாம் தின்று பளபளவென்று வளர்ந்தது. ராமர் வேலை முடிந்து இறங்கும்போது அதற்கென்று குழை ஒடித்துக்கொண்டு வருவான்.

அந்த வருசம்தான் அவன் கறி சாப்பிடுவதை விட்டது. அவனுக்கு மேலே தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிற வேலை. தீயை விட்டு நகர முடியாது. ஸ்டோருக்குப் பின்னால் யாரோ கட்டிய சுருக்குக் கம்பியில் ஒரு காட்டுப்பன்றி மாட்டி மத்தியானம் முழுக்கக் கத்தியது. அவன் தீயைத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் கூறு போட்டார்கள். அவன் தன் பங்கை வேண்டாம் என்றான். அதோடு சரி. யாரிடமும் எதற்காகவும் வாதம் செய்யவில்லை.

வாதம் செய்ய வைத்தது ரோஜாவின் அண்ணன் அழகுராஜா. போடியில் கறிக்கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கச்சி வீட்டுக்குக் கறியோடு வந்து, சமைக்கச் சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போவான்.

"மாப்ளேக்கு என்னாத்தா வச்ச?"

"சுண்டவத்தல் கொழம்பு."

"கெடாவுக்கு ஒடிச்சு வந்த கொழையிலயே கொஞ்சம் வதக்கி வையி. ரெண்டு பேருக்கும் ஒரே சோலியாப் போயிரும்."

ராமரும் சேர்ந்து சிரித்தான். "நீங்க தின்னுங்க மச்சான். ஒங்கள நான் ஒண்ணும் சொல்லலையே. எனக்கு எறங்கல, அவ்வளவுதான்."

"கடையில வெட்டுறது யாவாரம், விடுங்க. சாமிக்கு வெட்டுறது அப்படியா? கேட்டுத்தானே வெட்டுறோம். தண்ணி தெளிச்சு, அது ஒடம்பச் சிலுப்பி உத்தரவு குடுத்தாத்தானே அருவா எறங்குது? வேணாம்னா அது பாட்டுக்கு நிக்கட்டும்."

"தை மாசத்துல அந்த மேட்டுல நிப்பாட்டித் தண்ணிய ஊத்துனா ஒங்களுக்கும் சிலுப்பும் மச்சான். குளுருக்கு நடுங்குறது சம்மதமா?"

அழகுராஜா எலும்பைத் தட்டில் தட்டினான். உள்ளே இருந்தது வெளியே வரவில்லை. மறுபடியும் தட்டினான்.

"அப்ப எங்கய்யா, அவுகய்யா எல்லாரும் கேக்காமத்தான் வெட்டுனாகன்னு சொல்றீக."

மூவரின் கையிலும் சோறு காய்ந்தது. வெளியே கிடா சுவரில் கொம்பை உரசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

கோயில் போடிமெட்டுக்கும் மேலே, ஏலத்தோட்டம் முடிந்து காடு ஆரம்பிக்கிற சரிவில் இருந்தது. கோயில் என்றால் ஒரு நட்ட கல்லும், அதற்கு முன்னால் ஒரு தட்டைப் பாறையும். அன்றைக்கு மூடுமஞ்சு இறங்கிவந்து பத்தடிக்கு அப்பால் நிற்கிறவர்களை வெறும் உருவங்களாக ஆக்கியிருந்தது. மரங்களிலிருந்து நீர் சொட்டுகிற ஓசை எல்லாப் பக்கமும் கேட்டது. ஏலச்செடிகளின் மணமும், விறகுப்புகையும், ஈரக் கிடாயின் வாடையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து மூச்சில் ஒட்டிக்கொண்டன. கிடா வேறு யாரிடமும் நிற்காது என்பதால் ராமர்தான் கயிற்றைப் பிடித்திருந்தான்.

பூசாரி வெள்ளைத்துரை முதல் தண்ணீரை நெற்றியில் தெளித்தார். கிடா அசைபோட்டது. இரண்டாவதைக் கழுத்தில் ஊற்றினார். மூன்றாவதை முதுகுத்தண்டு நெடுக. கிடா அசைபோடுவதை நிறுத்தியது. அவ்வளவுதான். கல்லைப் போல நின்றது.

கேட்பது மூன்று தரம்தான். அதற்கு மேல் ஊற்றுகிற வழக்கம் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். வடித்த சோறு ஆறியது. பிள்ளைகள் சிணுங்கின. தேவாரம் ஊர்ப்பக்கம் யானை இறங்கியிருப்பதாகப் பேச்சு, பொழுது சாய்வதற்குள் இறங்க வேண்டும் என்று ஜீப் டிரைவர்கள் முணுமுணுத்தார்கள்.

"கொண்டா இங்கிட்டு" என்று அழகுராஜா குடத்தை வாங்கினான். வெரசா முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவன் மனதில் ஒன்றும் இருந்திருக்காது. ஒரு குடம் தண்ணீரையும் அப்படியே கவிழ்த்தான். அது கிடாயின் முதுகில் மோதிச் சிதறி, கயிற்றைப் பிடித்துக் குனிந்திருந்த ராமரை நெஞ்சோடு நனைத்தது.

கிடா அசையவில்லை.

ராமருக்குச் சிலுப்பியது. நெற்றியில் தொடங்கித் தோள் வழியாகக் குதிகால் வரை. தலை இடமும் வலமும் உதறி, முடியிலிருந்து தண்ணீர் தெறித்தது.

பின்னால் மஞ்சுக்குள் நின்றிருந்தவர்களுக்கு ஏதோ சிலுப்பியது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். "குடுத்துருச்சு" என்றது ஒரு குரல். குலவை எழும்பியது. அரிவாள் மேலே போய், அங்கேயே நின்றது. வெள்ளைத்துரை கிடாயைப் பார்த்தார். பிறகு ராமரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அரிவாளை இறக்கிக் கல்லோரமாக வைத்துவிட்டு, கிடாயின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

"உத்தரவு வந்துருச்சு," என்றார். "இதுகிட்டருந்து வரல."

கிடா புல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சுக்குள் போனது. வெறும் சோற்றையும் ரசத்தையும் எல்லோரும் சாப்பிட்டார்கள். "மாப்ளே செயிச்சுட்டாருப்பா" என்று அழகுராஜா ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். கறி இல்லை என்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அது அப்போதே ரோஜாவுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

அதன் பிறகு ஊர் அவர்களிடம் அன்பாக இருந்தது.

வாழைப்பழக் கடையில் ராமருக்கு ஒரு சீப்பு. செக்கில், கிடாய்க்குப் போடுகிற புண்ணாக்குக்குப் பதில் கைநிறைய வறுகடலை. முடிவெட்டுகிறவர் காசு வாங்காமல், வெட்டி முடித்ததும் அவன் பிடரியை உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டார். தெருவில் போகிற பெண்கள் நின்று, "கொஞ்சம் சதை போட்டிருக்கீக, நல்லதுதான்" என்றார்கள். வாசலில் விடியும்போது அகத்திக்கீரைக் கட்டு கிடக்கும், யார் வைத்தது என்று தெரியாது. ராமர் முதலில் கூச்சப்பட்டான். அப்புறம் பழகிக்கொண்டான். கறி தின்னாதவன் என்பதால் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தான். ரோஜாவும் அப்படி நினைக்கத்தான் பார்த்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கும்போது மொக்கம்மாளின் கடை வாசலில் கிடா நின்றிருந்தது. அவர்களுடைய கிடாதான், எப்படியோ மலையிறங்கி வந்திருந்தது. பலகையில் இருந்த பழத்தோலுக்கு வாயை நீட்டியது. மொக்கம்மாள் விறகுக்கட்டையை எடுத்து அதன் முதுகில் ஓங்கி அடித்தாள்.

"சனியனே, போ அங்கிட்டு."

காதில் மஞ்சள் துணி கட்டிய கிடா. அடி விழுந்த சத்தம் தெருவில் எல்லோருக்கும் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மொக்கம்மாள் கட்டையைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து ராமரிடம் நீட்டினாள்.

"சாப்புடுங்க அப்பு."

அவன் பழத்தை உரித்துத் தின்பதை, தாடை அசைவதை, அதை மொக்கம்மாள் பார்த்துக்கொண்டிருப்பதை ரோஜா பார்த்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் வெள்ளைத்துரையின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசல் வெயிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"அது குளுருங்கய்யா. தண்ணி பட்டா யாருக்கும் நடுங்கும்."

அவர் ஒரு பல்லை உரித்து முடித்தார். "ஒம் புருசன் அதத்தான சொல்லிக்கிட்டிருந்தான்."

"ஆமா."

"சரி, குளுருதான்னு நான் ஒத்துக்கிறேன்னு வையி." அடுத்த பல்லை எடுத்தார். உரிக்கவில்லை. "அப்ப இதுக்கு முன்னாடி நின்னதெல்லாம்? எங்கய்யா கையால, அவுகய்யா கையால, அந்தக் கல்லு முன்னாடி நின்னு சிலுப்புனதெல்லாம் என்ன ஆத்தா?"

வெயிலில் பூண்டுத் தோல் காற்றுக்கு நகர்ந்தது. அவர் குரலில் கோபம் இல்லை. கண் ஓரத்தில் ஈரம் இருந்தது போல ரோஜாவுக்கு ஞாபகம்.

"கேட்டுத்தான் வெட்டுனோம். அந்த ஒண்ண வச்சுத்தான் எங்களுக்குச் சோறு எறங்குது. அத எடுத்துட்டா நாங்க யாரு?"

"மனுசங்கய்யா அவரு."

"யாரும் கையப் புடிச்சு இழுக்க மாட்டாக. தை வரும். கேப்போம். மூணு தரம் கேப்போம். நெலையா நின்னா விட்டுர்றது. கெடாவ விடலையா?"

வீட்டுக்கு வந்து ராமரிடம் சொன்னாள். அவன் சிரிப்பான், கோபப்படுவான், போலீசுக்குப் போவோம் என்பான் என்று நினைத்திருந்தாள். அவன் தலையைக் குனிந்து தன் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் சிலுப்புனது நெசம்தான புள்ள" என்றான் கடைசியில்.

ஆடி மாசம் மூவரும் ஊரை விட்டு ராசிங்காபுரத்துக்குப் போனார்கள். ரோஜாவின் சித்தி அங்கே தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊர் டீக்கடைக்காரன் ராமரிடம் காசை வாங்கி, மீதியைக் கொடுத்து, "கிளாச வச்சுட்டுப் போய்யா" என்று எரிந்து விழுந்தான். ரோஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் சந்திரவல்லிக்கு உடம்பு சுட்டது. விடிவதற்குள் பிள்ளை பேச்சில்லாமல் கிடந்தாள். கதவைத் திறந்தபோது படியில் அகத்திக்கீரைக் கட்டு, ஈரத்தோடு.

திரும்புகிற பஸ்சில் போடி எல்லை தாண்டியதும் பிள்ளையின் நெற்றி வேர்த்து, காய்ச்சல் இறங்கியது. "பசிக்குதும்மா" என்றாள். ராமர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தபடி சொன்னான்:

"நான் ஆடாம நிக்கிறேன். நின்னா விட்டுருவாக. அவ்வளவுதான வேணும்?"

அப்புறம் தினமும் பழக்கம். பின்கட்டில் ராமர் சட்டையில்லாமல் நிற்பான். பனியில் வைத்திருந்த குடத்தை ரோஜா அவன் தலையில் கவிழ்ப்பாள். முதலில் உடம்பு முழுக்கத் துள்ளியது. ஐப்பசியில் தாடை மட்டும் அடித்துக்கொண்டது. கார்த்திகையில் ஒரு கண்ணிமை. மார்கழி பிறந்தபோது அதுவும் இல்லை. தண்ணீர் சுவரில் வழிவது போல அவன் மேல் வழிந்தது.

நடுக்கம் போனபோது வேறு சிலதும் சேர்ந்து போயின. பாத்திரம் விழுந்தால் அவன் திரும்புவதில்லை. பிள்ளை படியில் தடுக்கி விழுந்து அழுதபோது, பக்கத்திலேயே நின்றவன், நின்றுகொண்டே இருந்தான். ராத்திரி அவன் முதுகில் கை வைத்தால் குளிர்ந்து, அசைவில்லாமல், மூச்சு எங்கே போய் வருகிறது என்று தெரியாது. போர்வையில் ஏலக்காய் வாசனைக்கு அடியில் ஈர மயிரின் வாடை அடித்தது. அவள் போர்வையைத் துவைத்தாள். மறுபடியும் துவைத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

தை வந்தது.

யாரும் கூப்பிட வரவில்லை. முத்துக்கிருஷ்ணனின் ஜீப் மட்டும் வாசலில் வந்து நின்றது. ராமர் குளித்துவிட்டுப் புது வேட்டி கட்டி முன் சீட்டில் ஏறினான். பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டாம் என்று ரோஜா நினைத்தாள். நேர்த்தி பிள்ளைக்கானது, அவள் வராமல் முடியாது என்று பெண்கள் சொன்னார்கள். பிள்ளைக்கு ஸ்வெட்டரைப் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். வளைவு வளைவாக ஜீப் ஏறியது. கீழே போடி வெயிலில் கிடந்தது. மேலே மஞ்சு.

கல். பாறை. ராமர் தானாகவே ஏறி நின்றான். கழுத்தில் கயிறு இல்லை. யாரும் அவனைத் தொடவில்லை. சுற்றிலும் மஞ்சுக்குள் உருவங்கள், எல்லா முகமும் ஒரே பக்கம். வேறொரு குடும்பம் நேர்ந்த கிடா ஓரத்தில் கட்டிக் கிடந்தது. சொட்டுகிற மரங்கள். அழகுராஜா தங்கச்சியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் தண்ணீர். நெற்றியில்.

ஒன்றுமில்லை.

இரண்டாவது. கழுத்தில் வழிந்து நெஞ்சுக்கு இறங்கியது. அவன் கண் திறந்தே இருந்தது.

ஒன்றுமில்லை.

வெள்ளைத்துரை மூன்றாவதை மெதுவாக ஊற்றினார். முதுகுத்தண்டு நெடுக. கடைசிச் சொட்டு வரை.

ராமர் நின்றான். கல்லைப் போல.

காத்திருந்தார்கள். அழகுராஜாவின் காலடியில் நிறைகுடம் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. நேரம் போனது. மஞ்சு பாறையை மூடி, விலகி, மறுபடி மூடியது. விட்டுவிடுவார்கள். விடத்தான் வேண்டும். ரோஜா மூச்சை விட்டாள்.

வெள்ளைத்துரை ராமரிடமிருந்து கண்ணை எடுத்தார். "உத்தரவு இவன்கிட்டயும் இல்ல" என்றார் தணிந்த குரலில். கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக. கூட்டமும் தன்னையே பார்த்துக்கொண்டது. பக்கத்தில் நிற்கிறவரை. அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவரை. எல்லோரும் உடம்பை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவள் உள்ளங்கைக்குள்.

பிள்ளையின் சின்ன விரல்கள். ஒரு அதிர்வு. மணிக்கட்டுக்கு ஏறியது. முழங்கைக்கு. இன்னும் தோளுக்கு வரவில்லை. இன்னும் யாரும் பார்க்கவில்லை. முகங்கள் திரும்பிக்கொண்டே வந்தன. இந்தப் பக்கமாக. இன்னும் இரண்டு பேர். இன்னும் ஒருவர்.

ரோஜா கையை விட்டாள். முன்னால் வந்தாள். சிலுப்பினாள்.

நெற்றியிலிருந்து குதிகால் வரை. தலையை இடமும் வலமும் உதறி, கொண்டை அவிழ்ந்து விழ, கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி.

குலவை எழும்பியது.

அவளுக்குத் தெரியாதது இதுதான். அந்த நடுக்கம் பிள்ளையின் கையிலிருந்து வந்ததா, தன் கையிலிருந்து போனதா என்று. கேட்டுப் பார்த்தாள். "எனக்குக் குளுரவே இல்லம்மா, ஸ்வெட்டர் போட்டிருந்தேன்ல" என்கிறாள் சந்திரவல்லி. ரோஜாதான் முதலில் நடுங்கியது, தண்ணீர் தெறித்ததும் நடுங்கினாள், நாங்கள் பார்த்தோம் என்கிறார்கள் மற்றவர்கள். இருக்கலாம்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். இந்த வருசத்துக்கு வேண்டாம், நேர்ந்து ஒரு வருசமாவது வளர வேண்டும் என்றார் வெள்ளைத்துரை. ஓரத்தில் கட்டியிருந்த கிடாயைக் கொண்டுவந்தார்கள். அது முதல் தண்ணீரிலேயே சிலுப்பியது. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். ராமரைச் சட்டையைப் போடச் சொல்லிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். இலையில் கறி விழுந்தது. அவன் அதைப் பார்த்தான், கையைக் கழுவினான், சாப்பிட்டான். ரோஜா இருந்த பக்கம் திரும்பவில்லை.

வெள்ளைத்துரை இன்னும் பூசாரியாக இருக்கிறார். அழகுராஜா கடையை நடத்துகிறான், வியாபாரம் குறையவில்லை. பழைய கிடாயைச் சந்தையில் விற்றுவிட்டார்கள். சந்திரவல்லிக்கு அதற்குப் பிறகு காய்ச்சல் வரவில்லை, நன்றாகப் படிக்கிறாள். ராமர் ஸ்டோரில் தீ தள்ளுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கறி சாப்பிடுகிறான், மறுசோறு கேட்டு வாங்குகிறான். வேலை முடிந்து வந்ததும் குடத்தை நிரப்பிக்கொண்டு பின்கட்டில் நிற்பான். "வா புள்ள, பழகணும்ல" என்பான்.

ரோஜா போவதில்லை. அவள் நிலையாக நின்றுவிட்டால் பூசாரி மறுபடியும் கூட்டத்தைப் பார்ப்பார். முகம் முகமாகப் பார்ப்பார். தை வரட்டும். முதல் தண்ணீரிலேயே சிலுப்பிவிடுவது என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். இரண்டாவதுக்கு விடக் கூடாது. சந்திரவல்லி பக்கத்தில் நிற்பாள்.